மகள் சாஃப்ட்பாலில் சேர்கிறாளா? மட்டை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெண் பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதாகும்போது, பள்ளித் தோழி ஒருத்தியின் வழியாக, பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாஃப்ட்பால் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பதிவுக் கட்டணத்தைக் கட்டிய கையோடு கடைக்குப் போய் மட்டையும் கையுறையும் வாங்கி வந்துவிடுவதே பெரும்பாலான பெற்றோரின் வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். வாங்கியவற்றில் பாதியை மறு வாரமே திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அதன்பின் பல பருவங்கள், அணியினர் அமரும் இடமான டகவுட்டின் ஓரத்தில் ஸ்கோர் புத்தகம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் தெரிந்துகொண்டவற்றை, கிரிக்கெட் மட்டுமே தெரிந்த பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன். இவை பெண்கள் ஆடும், பந்தை வேகமாக வீசும் ஃபாஸ்ட்பிட்ச் வகைக்கும், உள்ளூர் லீகுகள் பலவும் பின்பற்றும் யுஎஸ்ஏ சாஃப்ட்பால் அமைப்பின் விதிகளுக்கும் உரியவை. லிட்டில் லீக் போன்ற பிற அமைப்புகளுக்குத் தனி விதிநூல் உண்டு என்பதால், உங்கள் லீக் எந்த நூலைப் பின்பற்றுகிறது, அதில் எவற்றைத் தனக்கென மாற்றியிருக்கிறது என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் தரும் மயக்கத்தை முதலில் தீர்த்துவிடலாம். இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு ‘மென்பந்து’ என்றால் டென்னிஸ் பந்தில் ஆடும் துடுப்பாட்டம்தான் நினைவுக்கு வரும். இது அதுவன்று. இந்தப் பந்து மென்மையானதும் அன்று. 1887இல் சிகாகோ நகரத்தின் படகுச் சங்கம் ஒன்றில், ஒரு குத்துச்சண்டைக் கையுறையைக் கயிற்றால் உருண்டையாகக் கட்டி, துடைப்பக் கட்டையால் அடித்து விளையாடியபோது அது உண்மையிலேயே மென்பந்தாக இருந்தது. இன்று 12 வயதுப் பிரிவு முதல் பயன்படும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை 6.25 முதல் 7 அவுன்ஸ் வரை. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்தே 5.75 அவுன்ஸைத் தாண்டாது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பளிச்சென்ற மஞ்சள் பந்து முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தூரம் குறைவு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்

இந்த ஆட்டத்தின் விதிகளில் பாதியும், உபகரணக் கட்டுப்பாடுகளில் ஏறக்குறைய எல்லாமும் ஒரே ஒரு காரணத்திலிருந்து பிறந்தவை: ஆடுகளம் சிறியது. ஓடுபவர் வரிசையாகத் தொட்டுச் செல்ல வேண்டிய நிலைதான் பேஸ். பேஸ்பாலில் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி; இங்கே 60 அடி. பந்து வீசுபவரான பிட்ச்சர் நிற்கும் தகட்டிலிருந்து, அடிப்பவர் நிற்கும் இடத்துத் தகடான ஹோம் பிளேட்டுக்கு 10 யூ எனப்படும் பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் 35 அடி, 12 யூ பிரிவில் 40 அடி, 14 யூ பிரிவிலும் அதற்கு மேலும் 43 அடி. கிரிக்கெட்டில் ஒரு கிரீஸிலிருந்து எதிர் கிரீஸுக்கு 58 அடி உண்டு. 43 அடித் தூரத்திலும் பிட்ச்சர் ஒரு நீண்ட எட்டு முன்னே வைத்துத்தான் பந்தை விடுவதால், உண்மையில் அது கடக்கும் தூரம் சுமார் 37 அடிதான். மணிக்கு 60 மைல் வேகம் என்றால் விநாடிக்கு 88 அடி. கணக்குப் போட்டுப் பார்த்தால், பந்து மட்டையை எட்ட அரை விநாடிகூட ஆவதில்லை. அடிபட்டுத் திரும்பும் பந்துக்கும் இதே கதைதான். பிட்ச்சரும், மெல்லத் தட்டிவிடும் ‘பண்ட்’ அடியை எதிர்பார்த்து முன்னேறி நிற்கும் மூன்றாம் பேஸ் வீராங்கனையும் மட்டைக்கு மிக அருகில் நிற்கிறார்கள். “இதற்குப் போய் இவ்வளவு கெடுபிடியா?” என்று தோன்றும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டால் போதும்.

மட்டை

பெற்றோர் அதிகம் தவறு செய்வதும் அதிகப் பணம் செலவழிப்பதும் இதில்தான். அண்ணனின் பேஸ்பால் மட்டை வீட்டில் இருக்கிறதே, அதையே தங்கைக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். சாஃப்ட்பால் மட்டையின் பருமன் எந்த இடத்திலும் 2.25 அங்குல விட்டத்தைத் தாண்டக்கூடாது. சிறுவர் பேஸ்பால் மட்டைகளில் பல 2.625 அங்குலம் வரை இருப்பவை. நீளம் 34 அங்குலத்துக்குள்ளும் எடை 38 அவுன்ஸுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதும் விதியே ஆனாலும், சிறுமிகளுக்கு வாங்கும் மட்டைகள் அந்த எல்லையை நெருங்குவதே இல்லை.

அளவைவிட முக்கியமானது முத்திரை. மட்டையின் உடல் குறுகிக் கைப்பிடியாக மாறும் இடத்தைச் சுற்றிச் சிறிய சின்னங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் யுஎஸ்ஏ சாஃப்ட்பால் சான்று முத்திரையோ, அந்த அமைப்பு 2017இல் பெயர் மாறுவதற்கு முன் வழங்கிய ‘ஏஎஸ்ஏ’ முத்திரைகளில் இன்னும் ஏற்கப்படுவதோ இருக்க வேண்டும். அதோடு, முத்திரை இருந்தும் பின்னர் தடை செய்யப்பட்ட மாதிரிகளின் பட்டியலில் அந்த மட்டை இடம்பெற்றிருக்கக்கூடாது. பழைய மட்டையைப் பிறரிடம் விலைக்கு வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. முத்திரை தேய்ந்து படிக்க முடியாத நிலையில் இருந்தால், நடுவர் அதை ஓரமாக வைத்துவிட வாய்ப்புண்டு. அனுமதியற்ற மட்டையோடு களமிறங்கிப் பிடிபட்டால் அடிப்பவர் அவுட். மட்டையின் உட்புறத்தைக் குடைந்தோ சுரண்டியோ திருத்தியது தெரிந்தால், ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்படுவார்.

எடையைக் குறிக்கக் கடைகளில் ‘டிராப்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். அங்குலத்தில் சொல்லும் நீளத்திலிருந்து அவுன்ஸில் சொல்லும் எடையைக் கழித்தால் கிடைப்பது அது. 29 அங்குல மட்டை 18 அவுன்ஸ் என்றால் டிராப் 11. எண் பெரிதாக ஆக மட்டை இலேசாகிறது. தொடக்க நிலைச் சிறுமிக்கு 10 முதல் 12 வரையிலான டிராப் பொருந்தும். கடையிலேயே மட்டையின் முனையைப் பிடிக்காமல் கைப்பிடியைப் பிடித்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி அரை நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அது அவளுக்குக் கனம். இழைக் கலவையால் ஆன, விலை உயர்ந்த காம்போசிட் மட்டையை முதல் ஆண்டில் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. அது குளிரில் விரிசல் விடக்கூடியது. மார்ச் மாதத்து மாலைப் பயிற்சியில் போன மட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். அலுமினியம் போதும். எந்த மட்டையானாலும், குலுக்கும்போது உள்ளே ஏதேனும் உருளும் சத்தம் கேட்டாலோ, உடலில் நெளிவோ விரிசலோ தெரிந்தாலோ அதை ஆட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கையுறையும் நான் செய்த தவறும்

என் மகள் வலக்கைப் பழக்கமுள்ளவள். ஆகவே வலக்கையில் மாட்டும் கையுறையைப் பார்த்து வாங்கினேன். பயிற்சியின் முதல் நாள் அவள் பந்தைப் பிடித்துவிட்டு, எறிவதற்காகக் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றபோதுதான் பயிற்றுநர் சிரித்தபடி விளக்கினார். எறியும் கை வெறுங்கையாக இருக்க வேண்டும். கையுறை மற்றக் கைக்கு உரியது. பொதியின் மேல் ‘ஆர்எச்டி’ என்று எழுதியிருந்தால் வலக்கையால் எறிபவருக்கானது, அதாவது இடக்கையில் மாட்டுவது என்று பொருள். விக்கெட் கீப்பரின் இரட்டைக் கையுறையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தோன்றுவதில்லை.

அளவு 10 யூ பிரிவுக்குச் சுமார் 11 அல்லது 11.5 அங்குலமும், 12 யூவுக்கு அதைவிட அரை அங்குலம் கூடுதலாகவும் இருந்தால் சரியாக இருக்கும். வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று பெரிதாக வாங்கினால், அவளால் அதை ஒற்றைக் கையால் மூட முடியாது. மூட முடியாத கையுறையிலிருந்து பந்து துள்ளி வெளியே விழுந்துகொண்டே இருக்கும். புதுத் தோல் விறைப்பாக இருப்பதால், தோலுக்கான எண்ணெயை மிகச் சிறிதளவு தடவி, உள்ளங்கைப் பள்ளத்தில் ஒரு பந்தை வைத்து, சுற்றிலும் இறுகக் கட்டி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அதன்பின் தினமும் கால் மணி நேரம் வாசலில் பந்து பிடித்து ஆடுவதுதான் அதைப் பழக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் விரைவாக இளகும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்; தோல் வெந்து கெட்டுவிடும். விரல்கள் சேர்ந்திருக்கும் ‘மிட்’ வகையை, அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரும் முதல் பேஸ் வீராங்கனையும் மட்டுமே அணியலாம். பிட்ச்சரின் கையுறையில் பந்தின் நிறமான மஞ்சள் எங்கும் இருக்கக்கூடாது. தைத்த வார்கூட அந்த நிறத்தில் இருக்கக்கூடாது. பந்து எப்போது கையை விட்டுப் பிரிகிறது என்பது அடிப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே காரணம்.

தலைக்கவசமும் மற்றவையும்

அடிப்பவர், அடுத்து அடிக்கக் காத்திருப்பவர், பேஸ்களில் ஓடுபவர் ஆகிய எல்லாரும் இரு காதுகளையும் மூடும் தலைக்கவசத்தை முகக்கம்பியோடு அணிய வேண்டும். கவசத்திலும் கம்பியிலும் ‘நாக்சி’ என்று உச்சரிக்கப்படும் பாதுகாப்புத் தர அமைப்பின் முத்திரை இருப்பது கட்டாயம். விரிசல் விட்ட கவசத்தை நடுவர் ஏற்கமாட்டார். வண்ணம் பூசினாலோ ஒட்டுப்படம் ஒட்டினாலோ சான்று செல்லாமல் போகக்கூடும் என்பதால், மகளின் பெயரை மினுமினுக்கும் எழுத்தில் ஒட்டுவதற்கு முன் தயாரிப்பாளரின் குறிப்பைப் படித்துவிடுங்கள். தலைமுடியை உச்சியில் கொண்டையாகப் போட்டால் கவசம் சரியாக உட்காராது. பின்னலைத் தாழ்வாகப் போட்டு, கவசத்தின் பின்புற இடைவெளி வழியே வெளியே விடுவதே வழக்கம்.

களத்தில் தடுப்பவர்களுக்கான முகக்கவசம் வேறு பொருள். அது இலேசானது, தலையை மூடாதது. பல லீகுகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. உங்கள் லீக் கட்டாயமாக்காவிட்டாலும், பேஸ்களை ஒட்டிய உள்வட்டத்தில் ஆடும் பிள்ளைக்கு இதை வாங்கிவிடுங்கள். நான் தயங்காமல் பணம் கொடுக்கச் சொல்லும் ஒரே பொருள் இது.

கேட்ச்சருக்குக் கழுத்துக் காப்புடன் கூடிய முகமூடி, தலைக்கவசம், மார்புக் காப்பு, முழங்கால் சில்லையும் சேர்த்து மூடும் கால் காப்பு ஆகியவை தேவை. முதல் ஆண்டில் இவற்றை வாங்க வேண்டாம். பெரும்பாலும் அணியிடமே ஒரு தொகுதி இருக்கும், பிள்ளையும் இரண்டு வாரத்தில் மனம் மாறக்கூடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஓரமாக நின்று பிட்ச்சருக்குப் பயிற்சி கொடுக்கக் குந்தி உட்காரும் சிறுமியும் முகமூடியும் தலைக்கவசமும் அணிந்திருக்க வேண்டும்.

காலணியில் 12 யூ வரை உலோக முளைகள் கூடாது. வார்ப்பு ரப்பர் முளைகள் உள்ளவற்றை வாங்குங்கள். மேற்சட்டையின் பின்புறத்தில் குறைந்தது 6 அங்குல உயரத்தில் எண் இருக்க வேண்டும். ஒரே அணியில் இருவருக்கு ஒரே எண் ஆகாது. நகைகளைப் பொறுத்தவரை, வெளியே தெரியும் எதையும் ஆபத்தானது என்று நடுவர் கருதினால் கழற்றச் சொல்லலாம். தொங்கும் தோடு, வளையல், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புதிதாகக் காது குத்த நினைப்பவர்கள் பருவம் முடியும்வரை பொறுப்பது நல்லது. நோய் விவரம் பொறித்த கைவளையத்தை மட்டும் ஒட்டுநாடாவால் உடலோடு சேர்த்து ஒட்டி அணிய அனுமதியுண்டு.

பயிற்சிக்குப் பந்து வாங்கும்போது, 10 யூவுக்கு 11 அங்குலப் பந்தும் அதற்கு மேல் 12 அங்குலப் பந்தும் என்று பார்த்து வாங்குங்கள்.

கிரிக்கெட் அறிவு கைகொடுக்காத விதிகள்

அடிக்க முயன்று தவறவிட்ட வீச்சும், அடிக்கும் எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்ட வீச்சும் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட், நான்கு தவறான வீச்சு ஆனால் முதல் பேஸுக்கு நடை, மூன்று அவுட் ஆனால் அணிகள் இடம் மாறும், மொத்தம் ஏழு இன்னிங்ஸ் என்பவற்றை முதல் ஆட்டத்திலேயே பிடித்துக்கொள்வீர்கள். ஸ்ட்ரைக் எல்லை, ஹோம் பிளேட்டுக்கு மேலே, அடிப்பவரின் அக்குளுக்கும் முழங்காலின் மேற்பகுதிக்கும் இடைப்பட்டது. நம்மவர்களைத் தடுமாற வைப்பவை வேறு.

கிரிக்கெட்டில் தட்டிவிட்டு அங்கேயே நிற்கலாம். இங்கே பந்து எல்லைக்கோடுகளுக்குள் விழுந்துவிட்டால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடியே ஆக வேண்டும். கிரிக்கெட் வீட்டுப் பிள்ளைகள் மட்டையைக் கையில் பிடித்தபடியே முதல் பேஸ் வரை ஓடுவதை எந்த லீகிலும் பார்க்கலாம். பின்பக்கம் அழகாக வெட்டிவிட்ட பந்துக்கு அப்பா கைதட்டுவார். அது எல்லைக்கோடுகளுக்கு வெளியே போன வெறும் ஃபவுல். இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை ஒவ்வொரு ஃபவுலும் ஸ்ட்ரைக்காகவே எண்ணப்படும். மூன்றாவது ஸ்ட்ரைக்காகப் பண்ட் ஆடி அது ஃபவுலானால் அவுட். தரையில் உருளும் பந்து முதலில் எங்கே விழுந்தது என்பது கணக்கன்று. முதல் அல்லது மூன்றாம் பேஸைக் கடக்கும்போதோ, அதற்குள் யாராவது தொடும்போதோ அது எங்கே இருந்தது என்பதே கணக்கு. கோடு உள்ளே சேர்ந்தது.

ஓடுபவரைத் தொட்டுத்தான் அவுட் ஆக்க வேண்டுமா, பேஸைத் தொட்டால் போதுமா என்ற கேள்வி ஒவ்வொரு வாரமும் எழும். பின்னால் ஆள் வந்து நெருக்குவதால் ஒருவர் தம் பேஸைக் காலி செய்தே தீர வேண்டிய நிலையில் இருந்தால், தடுப்பவர் பந்தோடு அடுத்த பேஸைத் தொட்டாலே போதும். நம் ரன் அவுட்டைப் போன்றது இது. நெருக்கடி இல்லாமல் தாமாக ஓடுபவரைப் பந்துள்ள கையால் தொட்டாக வேண்டும்.

பேஸ்பால் பார்த்துப் பழகியவர்களும் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. அங்கே ஓடுபவர் முன்கூட்டியே சில அடிகள் நகர்ந்து நிற்பார். இங்கே பிட்ச்சரின் கையிலிருந்து பந்து விடுபடும் கணத்துக்கு முன் கால் பேஸை விட்டு எழுந்தால் அவுட். தூரம் 60 அடியே என்பதால், முன்நகர்வை அனுமதித்தால் தடுப்பவர்களுக்கு வாய்ப்பே இராது. இதோடு சேர்ந்தது ‘லுக் பேக்’ விதி: பிட்ச்சரைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் இருக்கும், அடித்தவர் முதல் பேஸை எட்டிய பின், பிட்ச்சர் அந்த வட்டத்துக்குள் பந்தை வைத்துக்கொண்டு நின்றால், பேஸுக்கு வெளியே இருப்பவர் உடனே முன்னேயோ பின்னேயோ போய்விட வேண்டும். நடுவில் ஆடிக் காட்டி ஏமாற்றப் பார்த்தால் அவுட்.

மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்ச்சர் நேராகப் பிடிக்காமல் கீழே விட்டால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போதோ இரண்டு அவுட் ஆகிவிட்ட நிலையிலோ அடிப்பவர் ஓடலாம். சிறிய பிரிவுகளில் சில லீகுகள் இதை நிறுத்தி வைத்திருக்கும். முதல் பேஸில் இரட்டைத் தகடு இருந்தால், வெள்ளைப் பாதி தடுப்பவருக்கு, வெளிப்புறத்து நிறப் பாதி ஓடிவருபவருக்கு. இருவரும் மோதிக்கொள்ளாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பந்து கையில் இல்லாமல் ஓட்டப்பாதையை மறிக்கும் தடுப்பாளர் தவறிழைத்தவர் ஆவார். பந்து வைத்திருப்பவர்மீது நிமிர்ந்தபடி வேண்டுமென்றே மோதும் ஓட்டக்காரி அவுட் ஆவதோடு வெளியேற்றவும் படலாம்.

பிட்ச்சர் கீழ்க்கையால்தான் வீச வேண்டும். தகட்டில் கால் பதித்து, கைகளைப் பிரித்து நின்று கேட்ச்சரின் குறிப்பை வாங்கி, பின் இரு கைகளையும் சேர்த்து ஒரு விநாடிக்குக் குறையாமலும் பத்து விநாடிக்கு மிகாமலும் நிறுத்தி, அதன்பின்பே காற்றாலை போல் கையைச் சுழற்றி விட வேண்டும். நடுவழியில் மறுபடி காலூன்றி எம்பி வீசினால் அது சட்டவிரோத வீச்சு. அடிப்பவருக்குத் தவறான வீச்சு ஒன்று கூடும். சிறுமிகள் அவசரத்தில் அந்த ஒரு விநாடி நிறுத்தத்தைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். வீட்டுப் பயிற்சியில் “ஒன்று” என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

ஆட்ட நாளில்

நடுவர்களைப் பிள்ளைகள் ‘ப்ளூ’ என்று அழைப்பார்கள். நீலச் சட்டை காரணம். உபகரணச் சோதனை நடத்தும் நடுவர் ஆட்டத்துக்கு முன் டகவுட்டுக்கு வந்து, வேலியோரம் வரிசையாக வைத்த மட்டைகளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார், முத்திரையைப் படிப்பார், கவசங்களைப் புரட்டி விரிசல் தேடுவார். அவர் வரும் முன்பே பிள்ளைகளை எல்லாவற்றையும் வரிசையாக வைக்கச் சொன்னால் வேலை சில நிமிடங்களில் முடியும். மூன்று இன்னிங்ஸுக்குப் பின் 12, நான்குக்குப் பின் 10, ஐந்துக்குப் பின் 8 ஓட்ட வித்தியாசம் இருந்தால் ஆட்டம் அத்தோடு முடிக்கப்படும். உள்ளூர் ஆட்டங்களுக்கு நேர வரம்பும் வழக்கமாக உண்டு. தொடக்க அணியில் இருந்தவர் மாற்றப்பட்டாலும் ஒருமுறை திரும்பவும் களமிறங்கலாம் என்பதால், மகளை வெளியே அழைத்ததும் முகம் வாட வேண்டாம்.

முடிவு தவறு என்று தோன்றினால், பார்வையாளர் இருக்கையிலிருந்து கத்துவதால் ஆவது ஒன்றுமில்லை. அவுட்டா இல்லையா, ஸ்ட்ரைக்கா இல்லையா என்பவை நடுவரின் பார்வைக்கு உட்பட்டவை. அவற்றின்மீது முறையீடு கிடையாது. விதியையே நடுவர் தவறாகப் பொருத்தினார் என்றால் மட்டும், நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டு அணி மேலாளர் முறையிடலாம். அதையும் அடுத்த பந்து வீசப்படுவதற்குள் செய்துவிட வேண்டும்.